இருநூற்றைம்பது அடி

இரண்டு பெட்டியிலும் ஒரே எழுத்துகள்தான்.
லைனிங்கின் விளிம்பில் மஞ்சள் மையில்
எஃப், பக்கத்தில் இன்னொரு எஃப்.
"ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறான் எல்டன் கொய்விஸ்தோ,
"இதில் எழுபது டாலர் குறைவு."

இரவு பதினொன்றரை. லா கிராண்டில் பனி.
ஃபெர்மினின் ஜாக்கிமேல் அவன் வண்டி
பின்சக்கரங்கள் இல்லாமல் நிற்கிறது.
வாசலில் கழற்றிவிட்ட டிரெய்லரில்
நாற்பதாயிரம் பவுண்டு வெங்காயம்.
விடிந்ததும் போர்ட்லாந்தில் இறக்க வேண்டும்.
நடுவில் முட்டைக்கோஸ் குன்று.
பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்.
ஆறு மைல் இறக்கத்தில்
சிரித்தவர்களை நான் பார்த்ததில்லை.

அந்த எழுத்துகளைப் பற்றி அவனிடம் சொன்னேன்.
ஓர் அங்குலச் சதுரத் துண்டை வெட்டி
ஏதோ ஓர் ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்து
குளிரில் ஒரு மதிப்பெண், சூட்டில் ஒரு மதிப்பெண்.
அவ்வளவுதான் எல்டன்.
அந்தத் துண்டு உன் டிரம்மைப் பார்த்ததில்லை,
உன் வெங்காயத்தையும்.

புது வண்டியிடம் சட்டம் கேட்கிறது:
அறுபது மைல் வேகம், முழுச் சுமை,
இருநூற்றைம்பது அடிக்குள் நில், பார்க்கலாம்.
முன்பு முந்நூற்றைம்பத்தைந்து இருந்தது.
யாரோ பல வருடம் வாதாடி
நூற்றைந்து அடியைக் குறைத்தார்கள்.
நூற்றைந்து அடி என்றால்
ஒரு பள்ளிப் பேருந்து,
அதன் முதுகோடு இன்னொன்று,
இறங்கி ஓடும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடம்.

பழைய லைனிங் தேய்ந்து
புதியது போடும் நாளில்
அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.
கேட்க வேண்டியவள்
சம்பளத்துக்கு நிற்கும் நான்தான்.

"சோதனைக்காரன் பெட்டியையா பார்க்கப்போறான்?
தடிமன் இருக்கா, விரிசல் இருக்கா, அவ்வளவுதான்."
அது உண்மை. மறுக்கவில்லை.

பிறகு என்ன நினைத்தானோ,
கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.
அவன் பூட்ஸ் சரியாக ஓர் அடி நீளம்.
குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி
பனியில் எண்ணத் தொடங்கினான்.
டீசல் பம்பைத் தாண்டினான்.
சாப்பாட்டுக் கடையின் அணைந்த பலகையைத் தாண்டினான்.
கடைசி விளக்கும் முடிந்தது.
இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது:
"இங்கேயா?"
"அங்கேதான்."
"மலிவுப் பெட்டி போட்டால் எங்கே நிற்கும்?"

வாயைத் திறந்தேன்.
என்னிடம் எண் இல்லை.
பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
முகவரி இருந்தது, எடை இருந்தது,
குழந்தைகளுக்கு எட்டாமல் வை என்று இருந்தது.
"தெரியாது" என்று கத்தினேன்.
"யாரும் அளக்கவில்லை."

கொஞ்ச நேரம் அவன் அங்கேயே நின்றான்.
நிற்பது தெரியவில்லை,
நடக்கும் சத்தம் இல்லை, அதனால் நிற்கிறான்.

திரும்பி வந்து விலையைப் பற்றிப் பேசவில்லை,
நன்றியும் சொல்லவில்லை.
வண்டி பிறந்தபோது என்ன லைனிங் இருந்ததோ
அந்த எண்ணைப் பார்த்து எடு என்றான்.
இடது வலது இரண்டுக்கும், இரண்டு ஆக்சிலுக்கும்.
"டிரெய்லருக்கு?" என்றேன்.
"அடுத்த வாரம்."
அட்டையை இரண்டாகப் பிரித்துத் தேய்க்கச் சொன்னான்.
முதல் பாதி போயிற்று, இரண்டாவது மறுத்தது,
பிறகு ஏற்றது.

ஃபெர்மின் இரண்டு மணிக்கு முடித்தான்.
சேம்பரில் காற்று ஏறி இறங்கும் பெருமூச்சு,
தண்டின் ஓட்டத்தைச் சாக்குக்கட்டியால் குறித்தான்,
"கீழ்க் கியரில் இறங்கு" என்றான்,
எல்லோருக்கும் சொல்வதைப்போல.

அன்றிரவு குன்றிலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.
என் வேலையில் நல்ல செய்தி
இப்படித்தான் வரும்.

மலிவுப் பெட்டியைத் தட்டில் திரும்ப வைத்தேன்.
தூக்கி எறியவில்லை. முதலாளியின் சரக்கு.
விலைச்சீட்டு வெளியே தெரியும்படி
கொஞ்சம் திருப்பி வைத்தேன்,
அப்படித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.